பஞ்சத்துக்கு எந்தக் கட்டடம்? அரண்மனை, புதுக் கட்டடம், பறக்கும் ரயில் நிலையம்: ஓர் ஒப்பீடு

1876இல் பருவமழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்கு 2026இல் 150 ஆண்டுகள் ஆகின்றன. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 55 லட்சம் பேர் அதில் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களில் பெரும்பகுதியினர் மதராஸ் மாகாணத்தவர். அந்த மாகாணத்தின் தலைநகரமாக இருந்த சென்னையில் இந்தப் பஞ்சத்துக்கென ஓர் அருங்காட்சியகம் அமைக்க முடிவானால், அதை எந்த வகைக் கட்டடத்தில் வைப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அருங்காட்சியகம் வேண்டுமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். சேப்பாக்கம் அரண்மனை போன்ற ஒரு பழைய கட்டடம், நகரின் விளிம்பில் புதிதாக எழுப்பப்படும் ஒரு கட்டடம், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயின் மீதே ஓர் இடம் என மூன்று வழிகள் நம் முன் இருக்கின்றன.

முதலில் அளவுகோல். பொது நினைவைக் கட்டடமாக்குவதற்குத் தமிழ்நாட்டில் நன்கு பழகிய ஒரு முறை உண்டு: ஒரு தலைவர், ஒரு சிலை, அதைச் சுற்றி ஒரு மணிமண்டபம், வெளியே கொஞ்சம் புல்வெளி. பஞ்சத்துக்குத் தலைவர் இல்லை. சிலையாக வடிக்க ஒரு முகமும் இல்லை. பெருமைக்குரிய வரலாற்றுக்கு உருவம் தேடுவது எளிது. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் சாயலை எடுத்துக்கொண்டது. சங்ககால ஊருக்கும் செட்டிநாட்டு வீட்டுக்கும் இடையே எத்தனையோ நூற்றாண்டுகள் இருந்தும் உள்ளே நுழைபவருக்கு அது உறுத்துவதில்லை, ஏனெனில் இரண்டையும் அவர் தன்னுடையவை என்று மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்கிறார். பட்டினியை அப்படியொரு முற்றத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. ஆகவே அழகு, பாணி ஆகியவற்றைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வேறொன்றைக் கேட்கிறேன்: இந்தக் கட்டடம் வருபவரை யாருடைய இடத்தில் நிறுத்துகிறது? பஞ்சத்தில் கணக்கெழுதியவர் இருந்தார், கஞ்சி ஊற்றியவர் இருந்தார், தானியத்தைக் கப்பலேற்றியவர் இருந்தார், மண் சுமந்தவர் இருந்தார், சாலையோரம் விழுந்தவரும் இருந்தார். சுவரில் என்ன எழுதி வைத்தாலும், வாசலின் உயரமும் படிகளும் வெளிச்சமும் இவர்களில் ஒருவரது நிலையை வருபவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன.

சேப்பாக்கத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. 1768 வாக்கில் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்ட அரண்மனை, 1855இல் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்ட சில ஆண்டுகளில் அரசின் கைக்கு வந்தது. பஞ்சக் காலத்தில் வருவாய் வாரியம் இயங்கியது அங்கேதான். பெல்லாரியிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கலெக்டர்கள் அனுப்பிய அறிக்கைகள் வந்து குவிந்த வளாகம் அது. வருவாய் நிர்வாகத்தின் தலைமை அலுவலகம் இன்றும் பக்கத்து எழிலகத்தில்தான் இருக்கிறது என்பதால், தொடர்ச்சி அறுபடவும் இல்லை. அரண்மனையின் ஒரு பகுதியான, சிதிலமாகிக் கிடந்த ஹுமாயூன் மஹாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையும் மரக் கட்டைகளின் மேல் செங்கல் பரப்பும் மெட்ராஸ் டெரஸ் கூரையுமாக மீட்டெடுத்திருப்பதால், பழைய கட்டடத்தைக் கையாளத் தெரிந்த கைகள் இந்நகரில் உண்டு என்பதும் நிரூபணமாகிவிட்டது. அந்த மஹால் விடுதலைப் போராட்டத்துக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது என்றாலும், அதே தன்மையுள்ள பழைய அரசுக் கட்டடங்கள் கடற்கரைச் சாலையிலும் எழும்பூரிலும் வேறு இருக்கின்றன. பேருந்து, ரயில், பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலா வழி எல்லாம் ஏற்கெனவே அமைந்தவை.

சிக்கல் அந்தக் கட்டடத்தின் அழகில் இருக்கிறது. செந்நிறச் சுவரும் குவிமாடமும் வளைவுகளின் வரிசையும் பார்ப்பவரை அண்ணாந்து பார்க்க வைப்பதற்கென்றே கட்டப்பட்டவை. அந்த வேலையை அவை இன்றும் குறைவின்றிச் செய்கின்றன. வளைவின் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்ட பிறகே ஒருவர் பஞ்சத்தின் முதல் பலகையைப் படிப்பார். அதற்குள் அவர் விருந்தினராகிவிட்டிருப்பார். அதிகபட்சம், கோப்புகளைப் பார்வையிட வந்த அதிகாரியாகியிருப்பார். மண் சுமந்தவரின் இடத்துக்கு அங்கிருந்து வழியே இல்லை. அழகிய பழைய கட்டடம் கடுமையை மழுக்கிவிடும் என்பதற்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 1857 கிளர்ச்சியை ஒடுக்கியதில் காட்டிய கொடூரத்துக்குப் பெயர்போன கர்னல் நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றவரை ஆட்சியின் அறிவிப்பாக இருந்தது; அதை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்து பலர் சிறை சென்றார்கள்; 1937இல் ராஜாஜி அமைச்சரவை அதை அங்கிருந்து அகற்றியது. இன்று அருங்காட்சியகத்துக்குள் நிற்கும்போது, அதைத் தாண்டிச் செல்பவருக்கு அது இன்னொரு வெள்ளைக்காரச் சிற்பம் மட்டுமே. சிலை மாறவில்லை. கூரையும் அக்கம்பக்கமும் மாறிவிட்டன.

பழைய கட்டடங்கள் எல்லாமே இப்படி என்று சொல்லிவிட முடியாது. போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. ஒரு கிளையின் அறை வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு அமைந்திருப்பதால், எந்தக் கைதியும் இன்னொரு கைதியின் முகத்தைக் காண முடியாது. அங்கே விளக்கப் பலகைகள் அத்தனையையும் எடுத்துவிட்டாலும் கட்டடமே சாட்சி சொல்லும். சேப்பாக்கம் அரண்மனை பஞ்சத்தைப் பற்றி அப்படி எதையும் தானாகச் சொல்வதில்லை. அங்கிருந்த காகிதங்கள்தான் சொல்கின்றன.

இனி இரண்டாவது வழி. கடினமான வரலாற்றுக்காகவே ஒரு புதிய வடிவத்தைக் கண்டுபிடிப்பது கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய போக்கு. அதன் தலையாய எடுத்துக்காட்டு, டேனியல் லிபெஸ்கிண்ட் வடிவமைத்து 2001இல் திறக்கப்பட்ட பெர்லின் யூத அருங்காட்சியகம். துத்தநாகத் தகடு போர்த்திய அந்தக் கட்டடத்துக்குத் தெருவிலிருந்து நேரடி வாசல் கிடையாது. பக்கத்திலுள்ள பழைய மாளிகைக்குள் நுழைந்து, நிலத்தடியில் இறங்கித்தான் அதை அடைய வேண்டும். சரிந்த தரையில் சாய்ந்து நிற்கும் 49 தூண்களுக்கிடையே நடப்பவர் நிலைகுலைகிறார். வெப்பமூட்டப்படாத உயர்ந்த கோபுர அறையில் ஒரு கீறல் வெளிச்சம் மட்டும் மேலிருந்து விழுகிறது. காட்சிப் பொருள்கள் எதுவும் வைக்கப்படாமல் வெற்றுக் கட்டடமாக இருந்த 1999லேயே அதைப் பார்க்கக் கூட்டம் வந்தது. இப்படியே விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. இதைப் புகழ்ச்சியாக மட்டும் கொள்ள நான் தயாராக இல்லை. பொருளே தேவையில்லை என்று தோன்றச் செய்யும் கட்டடம், பொருளுக்குரிய கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது. பெர்லினில் அதற்கு நியாயம் இருந்தது. ஒரு சமூகமே அந்நகரிலிருந்து துடைத்தெடுக்கப்பட்டதால் வெறுமை அங்கே உண்மையின் ஒரு பகுதி. தாது வருடத்தில் நடந்தது வேறு: தானியம் இருந்தது, ரயில் இருந்தது, ஏற்றுமதியும் நடந்துகொண்டிருந்தது. இதை வெறுமையால் சொல்ல முடியாது. கிடங்கு நிறைந்திருந்ததைச் சொன்னால்தான் பட்டினி விளங்கும்.

தட்பவெப்பமும் ஒரு தடை. பெர்லினின் குளிர் அந்தக் கோபுரத்துக்குள் வந்து வேலை செய்கிறது. அதே கான்கிரீட் கோபுரத்தைப் பழைய மகாபலிபுரம் சாலையில் எழுப்பினால் மே மாதத்தில் அது அடுப்பாகும். குளிர்சாதனம் பொருத்தினால் வணிக வளாகமாகும். வாஷிங்டனில் 2016இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் பார்வையாளரை ஆழத்தில் இறக்கி, அடிமை வணிகக் காலத்திலிருந்து படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவருகிறது. சென்னைக் கடலோரத்தில் அப்படித் தோண்டினால் ஐப்பசி கார்த்திகையில் பம்ப் ஓடிக்கொண்டேயிருக்கும். இவற்றுக்கெல்லாம் பொறியாளர்கள் தீர்வு சொல்வார்கள், செலவும் சொல்வார்கள். என் மறுப்பு அதைவிட அடிப்படையானது: பஞ்சத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு நிலத்தில் நிற்கும் புதுக் கட்டடம் வருபவரைக் கட்டடக் கலைஞரின் இடத்தில் நிறுத்துகிறது, துயரத்துக்கு எவ்வளவு நேர்த்தியான வடிவம் கண்டிருக்கிறார்கள் என்று வியந்தபடி அவர் வெளியே வருகிறார்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து நகருக்கு நடுவே ஓடும் சுமார் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கூலி வாங்கிப் பிழைக்க வந்தவர்கள் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநரின் பெயர் அதற்கு நிலைத்தது. அந்தக் காலத்துக் கூலியைப் பற்றி ஒரு செய்தி. வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாக 1877 தொடக்கத்தில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம் சொச்சம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் வெட்டும் உடலுக்கு இது போதாது என்று எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்களில் விதி தளர்த்தப்பட்டது. இந்த வாக்குவாதத்தைச் சேப்பாக்கத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் படித்தால் அது இரண்டு அதிகாரிகளின் கருத்து வேறுபாடு. கால்வாய்க் கரையில் நின்று, இந்த அகலத்தையும் ஆழத்தையும் வெட்டும் உடலுக்கு 450 கிராம் போதும் என்றார்கள் என்று அறியும்போது அது வேறொன்றாகிறது. எந்தக் கட்டடக் கலைஞராலும் உண்டாக்க முடியாத அந்த அளவு, நிலத்திலேயே கிடக்கிறது.

ஆனால் நிகழ்ந்த இடம் என்பதே போதுமான பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கின் நுழைவழி, இரு பக்கமும் வெற்றுச் செங்கல் சுவருள்ள ஒடுங்கிய சந்து. 1919இல் படை அதன் வழியாகத்தான் உள்ளே வந்தது. அந்த ஒடுங்கிய வழியைப் படை அடைத்து நின்றதால் உள்ளே இருந்தவர்களுக்குத் தப்புவது அரிதாயிற்று. 2021 புதுப்பித்தலில் அந்தச் சுவர்களில் மனித உருவங்கள் புடைப்பாகப் பதிக்கப்பட்டன. சில முகங்களில் புன்னகையும் இருந்தது. சந்தின் அகலம் அங்குலமும் மாறவில்லை, அதன் பொருள் மட்டும் போய்விட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கண்டித்தது சரியே. பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் இதற்குக் குறையாத ஆபத்து உண்டு: வண்ண விளக்கு, செயற்கை நீரூற்று, மண் சுமக்கும் பெண்ணின் பளபளப்பான ஃபைபர் சிலை.

அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. கால்வாயோரம் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். நீர்வழி மீட்பின் பெயரால் அப்படிப்பட்ட குடும்பங்கள் பல ஆண்டுகளாகக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டு வருகின்றன. பட்டினியால் ஊர்விட்டு வந்து இக்கால்வாயை வெட்டியவர்களுக்கு நினைவகம் எழுப்புவதற்காக, அதன் கரையில் ஒண்டியிருப்பவர்களைக் காலிசெய்யச் சொல்வதைவிட அபத்தமான அருங்காட்சியகம் இருக்க முடியாது. கரையில் புது நிலம் எடுக்கக் கூடாது என்பதை இவ்வழியின் முதல் நிபந்தனையாக வைக்க வேண்டும்.

நிலம் எடுக்காமல் கால்வாயின் மேலேயே இடம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். பறக்கும் ரயில் தடம் கால்வாயை ஒட்டியும் அதற்குள் தூண் ஊன்றியும் செல்கிறது; திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை ஆகிய நிலையங்கள் பஞ்சத்தில் வெட்டப்பட்ட பகுதியில்தான் நிற்கின்றன. இந்நிலையங்கள் தேவைக்கு மீறிய பருமனுடன் கட்டப்பட்டவை. கடைகள் வரும் என்று விடப்பட்ட தளங்களில் பல வெற்றிடமாகவே இருந்துவருகின்றன. உள்ளே போனவர்களுக்குத் தெரியும்: பூசப்படாத கான்கிரீட் தூண்கள், புறா எச்சம், எங்கே போகின்றன என்று தெரியாத படிகள், பக்கவாட்டுத் திறப்பு வழியே கீழே கறுத்த நீர், அதில் ஆகாயத்தாமரை. பல நிமிடங்களுக்கொருமுறை தலைக்குமேல் ரயில் வந்து நிற்கும் அதிர்வு. அழகு என்று எதுவும் இல்லை, ஆகவே அண்ணாந்து பார்க்கவும் எதுவுமில்லை. கண் தானாகக் கால்வாயை நோக்கிக் கீழிறங்குகிறது. இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்றைத் தவிர அந்தத் திறப்புகளுக்கு வேறு அலங்காரம் எதுவும் செய்யாமல் விடுவதே வடிவமைப்பாளர் காட்டக்கூடிய மிகப் பெரிய திறமையாக இருக்கும்.

இதற்கு ஒப்பாக அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 2023இல் திறக்கப்பட்ட சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தைச் சொல்லலாம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய கேட்ஸ்டன் துறையின் மீது எதையும் கட்டக் கூடாது என்று எண்ணி, முழுக் கட்டடத்தையும் 18 தூண்களின் மேல் 13 அடி உயர்த்தி, கீழே நிலத்தைத் திறந்தே விட்டார்கள். அங்கே திட்டமிட்டுச் செய்ததை இங்கே ரயில்வே வேறு காரணத்துக்காக முன்பே செய்துவைத்திருக்கிறது.

உள்ளே என்ன, எப்படி என்பதிலும் நிலையத் தளத்துக்கு ஒரு நன்மை இருக்கிறது. அரண்மனையின் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக இருப்பதால், கதைக்கும் ஒரே வரிசைதான் கிடைக்கும். வரிசைக்குக் கடைசி அறை ஒன்று இருந்தே தீரும். அந்தக் கடைசி அறையில் 1880 பஞ்ச ஆணையத்தையும் 1883இல் வந்த பஞ்ச விதித்தொகுப்பையும் வைத்தால், தவறிலிருந்து பாடம் கற்ற நிர்வாகத்தின் கதையாக முழு அருங்காட்சியகமும் மாறிவிடும். ரேஷன் கடையை வைத்தால் நம் காலத்தின் வெற்றிக் கதையாகும். ஜெருசலேமில் 2005இல் மோஷே சாஃப்டி கட்டிய, யூதப் படுகொலையை நினைவுகூரும் யாத் வாஷெம் அருங்காட்சியகத்தில் இருண்ட நீள் கூடம் மலைச்சரிவின் மேல் வெளிச்சத்தில் திறந்து முடிகிறது. பார்ப்பவருக்கு அது ஆறுதல், ஆனால் அந்த ஆறுதலை வரலாறு தரவில்லை, சுவர்கள் தருகின்றன. தூண்கள் மட்டும் நிற்கும் ஒரு திறந்த தளத்தில் இப்படி ஒரு முடிவை யாரும் கட்டாயமாகத் திணிக்க முடியாது. ஒருவர் கூலி விதியிலிருந்து தொடங்கலாம், இன்னொருவர் புலம்பெயர்ந்தவர்களிடமிருந்து தொடங்கலாம்.

அந்தத் தூண்களையே பயன்படுத்தலாம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரியில் 2018இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில், கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவர்களின் பெயர்கள் அவர்கள் கொல்லப்பட்ட மாவட்டவாரியாக 800க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் கண்மட்டத்தில் நிற்கும் தூண்கள், தரை இறங்க இறங்கத் தலைக்குமேல் தொங்கத் தொடங்குகின்றன. நம்மிடம் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இல்லை. தாலுகாக்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒரு தூணுக்கு ஒரு தாலுகா என்று எழுதினால், அவற்றில் பல இன்று ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் இருக்கின்றன என்பதும் தெரியவரும். ஆகவே எழுத்து தமிழில் மட்டும் இருந்தால் போதாது, தெலுங்கும் கன்னடமும் வேண்டும். பிரிட்டிஷ் படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் அப்பஞ்சத்தில் எடுத்த, எலும்பும் தோலுமாகக் கூட்டமாய் உட்கார வைக்கப்பட்டவர்களின் புகைப்படங்களை மட்டும் சுவரளவுக்குப் பெரிதாக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அவை எடுக்கப்பட்ட அளவிலேயே, இடுப்பு உயரத்தில், குனிந்து பார்க்க வேண்டியவையாக இருக்கட்டும். பார்க்க விரும்பாதவர் தாண்டிப் போகவும் வழி இருக்கட்டும்.

இவ்வழியின் குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஈரக்காற்றும் அதிர்வும் உள்ள இடத்தில் மூல ஆவணங்களை வைக்கவே முடியாது. அவை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலேயே இருக்க, இங்கே நகல்களைத்தான் காட்ட வேண்டும். மூலம் இல்லாத அருங்காட்சியகமா என்று கேட்பவர்களுக்கு, கால்வாய்தான் மூலம் என்பது என் பதில். நாற்றம் உண்டு, கொசு உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மின்தூக்கி எந்நாளும் ஓட வேண்டும். இந்நிலையங்களில் அதை நம்பிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. 2015 போன்ற வெள்ளத்தில் தளம் தப்பிக்கும், போய்ச்சேரும் வழி தப்பிக்காது.

எனினும் இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது உடன்படிக்கை. தளம் ரயில்வேயுடையது, கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பு, அருங்காட்சியகத்தை நடத்த வேண்டியது வேறொரு துறை; குறைந்தது முப்பது ஆண்டுக் குத்தகையும், விளம்பரப் பலகை வைக்கமாட்டோம் என்ற எழுத்துறுதியும் கிடைக்காவிட்டால் இதில் இறங்கக் கூடாது. கிடைக்குமானால் மந்தைவெளியில் ஒரே ஒரு தளத்தோடு தொடங்கலாம் என்பது என் பரிந்துரை. கிடைக்காவிட்டால், புதுக் கட்டடத்துக்குத் தாவுவதைவிடப் பழைய அரசுக் கட்டடத்துக்கே திரும்புவேன். ஆனால் அங்கே முகப்பு வாசலைப் பார்வையாளருக்கு மூடிவிட்டு, ஏதேனும் ஒரு பக்கவாசல் வழியாக எழுத்தர் மேசைகளுக்கு நடுவே அவர்களை நுழையவிட வேண்டும், குவிமாடத்தின் கீழுள்ள பெரிய கூடத்தைக் காட்சிக்குப் பயன்படுத்தாமல் கிடங்காக ஒதுக்க வேண்டும்.